தைப்பூசக் காவடியில் எடுத்த நான்கு படங்கள்: தயங்காமல் குறை சொல்லுங்கள்

மலையடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே மற்றவர்கள் வைக்கும் படங்களையும் அவற்றுக்கு வரும் கருத்துகளையும் ஓசைப்படாமல் படித்து வந்த நான், இன்று முதன்முறையாக என் படங்களை வைக்கிறேன். பிப்ரவரி முதல் தேதி, தைப்பூசத்தன்று, மொரீசியசின் காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்கு என் தம்பி காவடி எடுத்தான். பத்து நாள் விரதம் இருந்து, ஆற்றில் குளித்து, அலகு குத்திக்கொண்டு வெறுங்காலோடு அவன் நடந்த வழி நெடுகிலும் நானும் கேமராவோடு நடந்தேன். ஏறத்தாழ 640 படங்கள் எடுத்திருக்கிறேன். அவற்றில் நான்கை மட்டும் இணைத்துள்ளேன். கேமரா, ஒருவர் பயன்படுத்திய பிறகு நான் வாங்கிய ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) வகை. லென்ஸ்கள் 18–55 மி.மீ., பிறகு ஒரு 50 மி.மீ. ராவாகவும் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஜேபெக்காகவும் (கேமரா பதப்படுத்திச் சுருக்கிய கோப்பு) சேர்த்தே பதிவு செய்கிறேன், ஆனால் ரா கோப்புகளை இதுவரை திறந்து பார்த்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதல் படத்தில் தம்பி நேர் எதிரே வருகிறான். தோளில் காவடி, அதன் வளைவில் தென்னங்குருத்தும் மயிற்பீலியும், இரு முனைகளிலும் பால் செம்பு, நாக்கில் வெள்ளி வேல். லென்ஸ் 24 மி.மீ.-இல், துளை எஃப் 8, ஷட்டர் 1/1000 நொடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 200, நேரம் பகல் 12.10. எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். ஆனால் முகம் கறுத்து, வானம் வெளுத்துப் போயிருக்கிறது, அவன் உடுத்தியிருந்த அடர் இளஞ்சிவப்பு வேட்டி மடிப்பே இல்லாத வண்ணக் காகிதம்போல் தெரிகிறது.

இரண்டாவது படத்தில் அம்மா குனிந்து, தம்பி அடுத்த அடி வைக்கவிருக்கும் தார்ச்சாலையின் மேல் பிளாஸ்டிக் போத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார். தம்பி முழங்காலுக்குக் கீழே மட்டுமே தெரிகிறான். லென்ஸ் மூடி கீழே விழுந்து, அதை எடுக்கக் குனிந்தபோது பார்க்காமலே அழுத்திய படம் இது.

மூன்றாவது, கோயில் படிகளில் ஏறும் காவடி வரிசை, பின்னணியில் மலை. நடுவே ஒரு மின்கம்பி குறுக்கே ஓடுகிறது. வலது ஓரத்தில், கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு கண்மூடி நிற்கும் ஒரு பெண்மணியின் முகம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. அவர் யார் என்று எனக்குத் தெரியாது.

நான்காவது, பூசை முடிந்து பந்தலில் பரிமாறிய ஏழு கறிச் சாப்பாடு. வாழையிலையில் எல்லாம் இருந்தும் சோறு நீல நிறத்தில் இருக்கிறது.

வீட்டில் காட்டினால் எல்லாம் அருமை என்கிறார்கள். முதல் படத்தை ஒரு புகைப்படக் கழகத்தின் மாதாந்தரப் போட்டிக்கு அனுப்பினேன். "தாக்கம் போதவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. தாக்கம் எங்கே குறைந்தது, அதை எந்தக் கடையில் வாங்குவது என்று அவர்கள் சொல்லவில்லை. அம்மா கூடத்தில் மாட்ட ஒரு பெரிய படம் கேட்கிறார். எதை அச்சிடலாம், அடுத்த ஆண்டு எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள். மனம் நோகும் என்று தயங்க வேண்டாம்.

தென்திசை ஒளி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். முதல் படத்தில் உங்கள் கையில் இருந்த குறையைவிடக் கடிகாரத்தில் இருந்த குறையே பெரியது. நம் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது; தைப்பூசம் வரும் நாள்களில் கதிரவனும் ஏறக்குறைய அதே தெற்குப் பாகையில்தான் நிற்கிறது. நீங்கள் சொன்ன நாளில் உச்சிப்பொழுது கடிகாரப்படி 12 மணி 23 நிமிட அளவில் வந்திருக்கும். அப்போது கதிரவன் தலைக்கு நேர் மேலிருந்து மூன்று பாகைதான் விலகியிருக்கும். ஐந்தரை அடி ஆளின் நிழல் அந்த நேரத்தில் ஒரு சாண்கூட இராது. வெயில் அப்படி நேர் கீழாக இறங்கும்போது புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். உங்கள் தம்பிக்கோ தலைக்கு மேல் காவடியின் வளைவு வேறு இருக்கிறது. அதாவது அவர் தம் கூரையைத் தாமே சுமந்து நடக்கிறார். முகம் அந்தக் கூரையின் நிழலில், சாலையும் தோளும் வெயிலில். இரண்டுக்கும் இடையில் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) வேறுபாடாவது இருக்கும் என்று படத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

இந்த நிலையில் கேமரா தன் போக்கில் சராசரி பார்த்தால் வெளுத்த வானத்துக்கு அஞ்சி முகத்தை இன்னும் இருட்டாக்கும். நல்ல வெயிலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 200-க்கு அது 1/200. எஃப் 8-க்கு மாற்றினால் 1/800. நீங்கள் 1/1000-இல் எடுத்திருக்கிறீர்கள். ஆக, வெயிலில் நிற்கும் பொருளுக்கே சற்றுக் குறைவான ஒளிதான் கொடுத்திருக்கிறீர்கள். நிழலில் இருக்கும் முகத்துக்கு அது எப்படிப் போதும்? முகத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் அளவு எடுத்து, அதில் ஒரு ஸ்டாப் குறைத்துப் பதிவு செய்திருந்தால் முகம் நிழலில் இருப்பதாகவும் தெரிந்திருக்கும், கண்ணும் தெரிந்திருக்கும். வானம் போனால் போகட்டும். அந்த வேளையின் வானத்தில் பார்க்க எதுவும் இல்லை.

ஃபிளாஷ் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷோடு பொருந்தும் உச்ச வேகம் 1/200 அல்லது 1/250 நொடிதான் என்பதால் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 அளவுக்கு இறங்க வேண்டிவரும். சிறிய ஃபிளாஷ் அந்த வெயிலோடு போட்டி போட மிக அருகில் போக வேண்டும். விரதத்தில் தன்னை மறந்து நடப்பவரின் முகத்துக்கு முன்னால் மின்னலடிப்பதை நானாக இருந்தால் செய்ய மாட்டேன்.

வேட்டியைப் பற்றி ஒரு சொல். அடர் இளஞ்சிவப்பில் சிவப்பு வண்ணத்தடம் மட்டும் மற்ற இரண்டுக்கும் முன்பாகவே நிரம்பிவிடும். கேமராவின் பொதுவான ஹிஸ்டோகிராம் (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்தால்தான் சிவப்பு வலது சுவரில் முட்டி நிற்பது தெரியும். மடிப்புகள் காணாமல் போனது அதனால்தான். கேமராவில் வண்ணத்தைத் தூக்கலாகக் காட்டும் அமைப்பு எதையாவது வைத்திருந்தீர்களா என்று பாருங்கள். ரா கோப்பில் அந்த மடிப்புகள் இன்னும் இருக்க வாய்ப்புண்டு. ஜேபெக் 8 பிட், உங்கள் ரா 12 அல்லது 14 பிட். தயவுசெய்து அவற்றைத் திறந்து பாருங்கள்.

பாம்ப்லமூஸ் அல்லி எழுதியது:

தம்பி, உங்கள் தம்பிக்கு முதலில் என் வாழ்த்து. உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் எடுத்துப் பழகியவள் என்ற அளவில் சில சொல்கிறேன்.

முதல் படத்தில் ஒளியைக் காட்டிலும் என்னை உறுத்தியது ஓரங்கள்தான். மேலே காவடி உச்சியில் இருக்கும் மயிற்பீலியின் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. கீழே கணுக்காலோடு கால் முடிந்துவிடுகிறது. வெறுங்காலோடு நடப்பதுதான் அந்த வேண்டுதலின் பாதி, அந்தக் காலையே வெட்டிவிட்டீர்கள். நெட்டையாக நிற்கும் ஒன்றைக் குறுக்குவாட்டில் எடுத்ததால் வந்த வினை இது. கேமராவைத் திருப்பிப் பிடித்திருந்தால் இடமும் வலமும் தெரியும் கைப்பேசிக் கூட்டமும் வெளியே போயிருக்கும். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது கைப்பேசிகள் தெரிகின்றன.

இன்னொன்று, நீங்கள் மிகவும் நெருங்கிப் போயிருக்கிறீர்கள். அருகில் இருக்கும் பால் செம்பு தலையைவிடப் பெரிதாகத் தெரிவதற்கு லென்ஸைக் குற்றம் சொல்லாதீர்கள்; அளவுகளின் உறவை முடிவு செய்வது நாம் நிற்கும் தூரம். ஐந்தாறு அடி பின்னால் நகர்ந்து உங்கள் 50-ஐ மாட்டியிருந்தால் செம்பு செம்பாகவும் முகம் முகமாகவும் இருந்திருக்கும். கூட்டத்தில் பின்னால் நகர இடமில்லை என்பீர்கள், தெரியும். அதனால்தான் முன்கூட்டியே ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டு, அவர் அங்கே வரும்வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் வழி முழுவதும் பின்னோக்கி நடந்தபடியே எடுத்திருக்கிறீர்கள் என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அடிவானம் சாய்ந்திருக்கிறது.

சோறு நீலமானதற்குக் காரணம் பந்தலின் நீலத் தார்ப்பாய். வெயில் அதன் வழியாக வடிகட்டி இறங்குகிறது. சோறுதான் வெள்ளை என்று வைத்து வெள்ளைச் சமநிலையைத் திருத்தினால் இலையின் நடுப்பகுதி சரியாகும், ஆனால் பந்தல் ஓரத்திலிருந்து நேரடியாக வெளிச்சம் விழுகிற மேல்பக்கம் மஞ்சளாகிவிடும். செய்து பார்த்தேன், பூசணிக் கறி சரியானது, வாழைக்காய் கெட்டது. இரண்டு நிற வெளிச்சம் கலந்த இடத்தில் ஒரே திருத்தம் உதவாது. இலையை வாங்கிக்கொண்டு பந்தலின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தால் போதும். எங்கள் வீட்டில் யாராவது அப்படி எழுந்து நகர்ந்தால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பது வேறு கதை.

இரண்டாவது படம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஊற்றும் தண்ணீர் இன்னும் தரையைத் தொடவில்லை, ஏற்கெனவே ஊற்றிய இடம் கறுப்பாகப் பளபளக்கிறது, தூக்கிய பாதத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு கல் வரை தெரிகிறது. அச்சிடுவதானால் இதையே அச்சிடுங்கள்.

கரும்புக்காடு எழுதியது:

அல்லி அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது படத்தை நான் அவ்வளவு தூக்கிப்பிடிக்க மாட்டேன். "அம்மா தண்ணீர் ஊற்றுகிறார்" என்று நண்பர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நாம் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்க்கிறோம். அந்த வரியை மறைத்துவிட்டு, இதைப் பற்றி எதுவும் அறியாத என் உடன் பணியாற்றும் ஒருவரிடம் காட்டினேன். "சாலையைக் கழுவுகிறார்களா?" என்று கேட்டார். முதுகும் முழங்காலும் மட்டுமே உள்ள படத்தில் இருவருக்கும் என்ன உறவு என்று காட்டக்கூடியது எதுவும் இல்லை. அம்மாவின் முகத்தில் பாதியாவது, இல்லையென்றால் காவடியின் ஒரு முனையாவது சட்டத்துக்குள் இருந்திருந்தால் விளக்கம் இல்லாமலே நின்றிருக்கும். நல்ல தற்செயல், முழுப் படம் அல்ல.

மூன்றாவதில் உள்ள மின்கம்பியை மென்பொருளில் அழிக்கலாம் என்று யாரேனும் சொல்லும் முன்பு சொல்லிவிடுகிறேன்: அழிக்க வேண்டாம். அந்தக் கம்பி அங்கே இருக்கிறது, ஆண்டுதோறும் காவடியின் உச்சி அதில் பட்டுவிடாமல் கழியால் தூக்கிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தொல்லையாக நினைத்தால் இரண்டு அடி இடப்புறம் நகர்ந்து மரத்துக்குப் பின்னால் மறைத்திருக்கலாம். அதையே பொருளாக நினைத்தால் கழிக்காரரையும் சேர்த்து எடுத்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றதுதான் குறை.

மலையடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரே இரவில், இரண்டு ஆண்டுகளில் அறியாததை அறிந்துகொண்டேன். வண்ணத்தைத் தூக்கிக்காட்டும் அமைப்பு இயக்கத்தில்தான் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. கைப்பேசிகளை நானும் எண்ணினேன், பத்து. ஒன்று என் சித்தப்பாவுடையது.

கரும்புக்காடு நண்பர் சொன்னது கொஞ்சம் சுட்டது, ஆனால் மறுக்க முடியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் அம்மாவின் முகம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நாள் முழுவதும் அம்மா தம்பியின் பக்கத்தில்தான் நடந்திருக்கிறார், நான் அவரை ஒருமுறைகூட நோக்கி எடுக்கவில்லை.

இருட்டறை ஐயா இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் அவர் கருத்தையும் அறிய விரும்புகிறேன். 640 படங்களையும் சிறு அளவில் வரிசையாகத் தொகுத்து, எடுத்த நேரத்தோடு இணைத்திருக்கிறேன்.

இருட்டறை எழுதியது:

படித்துக்கொண்டுதான் இருந்தேன். முழு வரிசையையும் இணைத்தது நல்ல காரியம்; நான்கு படங்களை வைத்து ஒருவருக்குப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது, அவர் எதை விட்டார் என்பதிலிருந்துதான் சொல்ல முடியும்.

1980-களில் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் குளியலறையே என் இருட்டறை. படச்சுருளைக் கழுவும் மருந்து 20 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும்; தை மாதத்தில் நம் குழாய்த் தண்ணீரே அதற்கு ஏழெட்டுப் பாகை கூடுதலாக வரும். கடையில் ஐஸ் கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, ஒரு தொட்டியில் போட்டு, அதற்குள் மருந்துக் குவளையை நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் அசந்தால் மணிமணியாகத் திரண்ட, முரட்டுத்தனமான நெகட்டிவ் கிடைக்கும். ஒரு சுருளில் 36 படங்கள். காவடிக்கு இரண்டு சுருள்கள் வாங்க முடிந்தால் அது நல்ல ஆண்டு. ஆற்றங்கரைக்கு எட்டு, வழிக்கு இருபது, கோயிலுக்கு மீதி என்று முதல் நாள் இரவே பிரித்துவைத்துவிடுவேன். அந்தக் காலம் உயர்ந்தது என்று சொல்லவரவில்லை, பல ஆண்டுகளில் எட்டும் வீணாகியிருக்கின்றன. ஆனால் அப்படிப் பிரிப்பதற்காகவே வழியை முன்னதாக நடந்து பார்க்க வேண்டியிருந்தது. எங்கே மரம், எங்கே திருப்பம், எந்தப் பகுதியில் வெயில் யார் முகத்தில் விழும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் நடந்த வழியில் கடைசிப் பகுதி மேற்கு நோக்கி, மலையைப் பார்த்தபடி போகிறது. காலை எட்டு மணிக்கு அங்கே வெயில் நடப்பவர்களின் முதுகில் விழும். எதிரே நின்று எடுத்தால் முகம் நிழலில் இருக்கும், ஆனால் அது மென்மையான நிழல், மயிற்பீலியின் ஓரம் முழுவதும் ஒளிக்கோடு வரும். பிற்பகலில் முகத்தில் விழும் வெயிலுக்கோ ஆயுள் குறைவு. மலை மேற்கே இருப்பதால் கதிரவன் மறைவதற்கு வெகு முன்பே சரிவு முழுவதும் நிழலாகிவிடும்.

உங்கள் வரிசைக்கு வருகிறேன். 9.15-இலிருந்து 12.35 வரை எடுத்தவை ஏறத்தாழ எல்லாமே ஒரே படம்: தம்பி எதிரே வருகிறார், நீங்கள் பின்னால் போகிறீர்கள். எண்ணவில்லை, ஆனால் முந்நூற்றுக்குக் குறையாது. இந்தப் படத்தை அன்று அந்தச் சாலையில் நின்ற எவரும் எடுத்திருக்க முடியும். சுற்றுலா வந்தவர்கள் உங்களைவிட நல்ல லென்ஸில் எடுத்தும் இருப்பார்கள். அவர்களால் நிற்க முடியாத இடம் ஒன்று உண்டு: தம்பியின் தோளுக்குப் பக்கத்தில், அம்மா நடந்த இடம். உறவினர் என்பதால் உங்களை அங்கிருந்து யாரும் விலக்க மாட்டார்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு, வெளியாள் நிற்கும் இடத்தைத் தேடிப்போய் நின்றிருக்கிறீர்கள். போட்டிக்காரர்கள் சொன்ன "தாக்கம்" என்னவென்று எனக்கும் தெரியாது. அது சோம்பேறித்தனமான சொல். நான் சொல்லும் குறை இதுதான்.

இப்போது 412 முதல் 418 வரை உள்ள ஏழு படங்களைப் பாருங்கள். நேரம் 12.40. மாமரம்போல் ஏதோ ஒரு பெரிய மரத்தடியில் சற்று நிற்கிறீர்கள். காவடியை இருவர் இருபுறமும் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். தம்பியின் தலைக்கு மேல் இப்போது வளைவு இல்லை, மரநிழல் இருக்கிறது. எதிரே வெயிலில் கிடக்கும் வெள்ளைச் சுவர் ஒன்றிலிருந்து ஒளி திரும்பி அவர் முகத்தில் சீராக விழுகிறது. தென்திசை ஒளி விளக்கிய தொல்லை எதுவும் அங்கே இல்லை. 415-இல் ஒரு வயதானவர் துண்டால் அவர் நெற்றியைத் துடைக்கிறார், வேலில் கை படாமல் இருக்க மூன்று விரல்களால் மட்டும் துண்டைப் பிடித்திருக்கிறார். இடது ஓரத்தில் அம்மா இருக்கிறார்! முழு முகம் இல்லை, கன்னமும் மூக்குத்தியும். காலிப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். கரும்புக்காடு கேட்ட உறவு இந்தப் படத்தில் இருக்கிறது. ஃபோகஸ் கண்ணில் இல்லை, துண்டில் இருக்கிறது. பரவாயில்லை, நான் துண்டைத்தான் பார்த்தேன். இவ்வளவு நல்ல ஒளியில் ஏழே படங்கள் எடுத்துவிட்டு, வெயிலுக்குத் திரும்பியதும் மறுபடியும் பின்னோக்கி நடக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

மின்கம்பி பற்றிக் கரும்புக்காடு சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. பொதுவில் வைக்கும் படத்தில் அழிக்கக் கூடாது. கூடத்தில் மாட்டும் படத்தில் அம்மா அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள், வழக்குக்கு யாரும் வரமாட்டார்கள்.

கடைசியாக, மூன்றாவது படத்தின் ஓரத்தில் இருக்கும் பெண்மணி. நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் குறிப்பிட்டீர்கள்; மனத்தில் உறுத்தியிருக்க வேண்டும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் சிலரின் படங்கள் உள்ளன. அடையாளச் சீட்டுக்காக அரசாங்கம் எடுத்தவை. நேராகக் கேமராவைப் பார்க்கும் அந்த முகங்களில், எடுக்கலாமா என்று கேட்கப்பட்டதன் தடம் எதையும் நான் கண்டதில்லை. அவற்றைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, கண்மூடி நிற்பவரின் முகத்தை அவர் அறியாமல் பொதுவில் வைக்க எனக்குக் கை வருவதில்லை. திருவிழா பொது இடத்தில்தானே நடக்கிறது என்று வாதிடலாம், வாதம் சரியாகவும் இருக்கலாம். வலது ஓரத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டினால் அவர் வெளியே போவார், மலையும் நடுவிலிருந்து விலகி நல்ல இடத்துக்கு வரும். அதைச் செய்யுங்கள்.

பாம்ப்லமூஸ் அல்லி எழுதியது:

415-ஐ நான் பார்க்கவே இல்லை. ஐயா சொன்ன பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்குத்தியில் அந்த வெள்ளைச் சுவர் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. ஆனால் கீழே ஒருவருடைய கைக்கடிகாரம் துருத்திக்கொண்டு நிற்கிறது; அடியில் விரற்கடை அளவு வெட்டிவிட வேண்டும்.

மலையடி எழுதியது:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். மூன்றாவது படத்தை இருட்டறை ஐயா சொன்னபடி வெட்டி மாற்றி வைத்துவிட்டேன், பழையதை நீக்கியாயிற்று.

ரா கோப்பைத் திறந்தேன். முதல் படத்தில் முகத்தை ஒன்றரை ஸ்டாப் தூக்க முடிந்தது, அதற்கு மேல் போனால் கன்னத்தில் மணல் தூவியதுபோல் ஆகிறது. வேட்டியில் மடிப்புகள் திரும்ப வந்துவிட்டன; இளஞ்சிவப்பின் செறிவை மட்டும் குறைத்தேன். வானம் வரவில்லை. 415-இல் கைக்கடிகாரத்தை வெட்டினேன். வேறு எதுவும் செய்யவில்லை, செய்யத் தேவையும் இருக்கவில்லை.

ஞாயிறன்று முதல் படம், இரண்டாவது படம், 415 ஆகிய மூன்றையும் சிறியதாக அச்சிட்டு வீட்டில் மேசைமேல் பரப்பினேன். தம்பி 415-ஐ எடுத்து வெகுநேரம் வைத்திருந்தான். துண்டால் துடைத்தது யார் என்று அவனுக்கே நினைவில்லை. மாமா என்று சொன்னதும் ஆச்சரியப்பட்டான். அம்மா இரண்டாவது படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என் முதுகை எதற்கு மாட்டுவது?" என்று தள்ளி வைத்தார். 415-ஐயும் வேண்டாம் என்றார். அதில் காவடி முழுதாக இல்லையாம், பால் செம்பே தெரியவில்லையாம், சாமி காரியத்தின் படம் என்றால் காவடி தெரிய வேண்டாமா என்றார். கூடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது முதல் படம்தான், வெட்டுப்பட்ட மயிற்பீலியோடும் பத்துக் கைப்பேசிகளோடும். சித்தப்பாவின் கைப்பேசி தெரிவது கூடுதல் தகுதி என்று நினைக்கிறார் போலும்.

ஆகவே முதல் படத்தை அம்மாவுக்காக 40 × 60 செ.மீ. அளவிலும், 415-ஐ எனக்காக 20 × 30 அளவிலும் அச்சிடப்போகிறேன். சிறிய அச்சு, திரையில் பார்த்ததைவிட நன்றாகவே இருட்டாக வந்தது. கூடத்தில் சன்னலுக்கு எதிர்ச்சுவர். காலை வெயில் நேரே படும். பளபளப்புத் தாளா, மங்கலான தாளா?

பாம்ப்லமூஸ் அல்லி எழுதியது:

மங்கலான தாள். பளபளப்பில் போட்டால் காலையில் அம்மா தம்பியைப் பார்க்க மாட்டார், சன்னலைத்தான் பார்ப்பார். வெயில் நேரே படும் சுவரில் இளஞ்சிவப்பு சில ஆண்டுகளில் வெளிறும், முடிந்தால் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். இருட்டாக வந்ததற்குக் காரணம் உங்கள் திரையின் வெளிச்சம் முழு அளவில் இருப்பது; பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டு முகத்தை மறுபடி சரிபாருங்கள். பெரியதைக் கொடுப்பதற்கு முன்பு, முகம் இருக்கும் பகுதியை மட்டும் உண்மையான அளவில் ஒரு துண்டு அச்சிட்டு, மாட்டப்போகும் அந்தச் சுவரிலேயே ஒட்டிப் பாருங்கள்.